விரலைச் சப்பிய குட்டி

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, கால்நடை மருத்துவப் படிப்பை முடிக்கும் தறுவாயில், கல்வராயன் மலையில் நடந்தது இது. பயிற்சிக்காக எங்கள் பகுதிக் கால்நடை டாக்டர் ஒருவரிடம் என்னை அனுப்பியிருந்தார்கள். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிதான் என்றாலும், அதுவரை நான் மலையேறியது அருவி பார்க்க மட்டும்தான்.

என் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கடைவீதியில் வளையல் கடை. கடை நிறைய வளையல் இருந்தும், சின்னப் பிள்ளைகள் போடுகிற அளவுதான் எனக்குச் சரியாக வரும். "இந்தக் கைய வெச்சிக்கினு மாட்டுக்கு எப்படிம்மா வைத்தியம் பாக்கப் போற?" என்று அத்தா கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அன்று மலைக் கிராமம் ஒன்றில் நடந்த கால்நடை முகாமில் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், வெடியக்காலத்துல இருந்து ஆடு முக்கிக்கினே கெடக்குது. குட்டி வர மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

ஓடினோம். முதல் தடவையாகக் குட்டி போடும் முதல் ஈத்து ஆடு அது. கொட்டகையில் கால் நீட்டிக் கிடந்தது, கத்தக்கூடத் தெம்பில்லை. டாக்டர் முயன்று பார்த்தார். அவருக்குப் பெரிய கை. விரல்களுக்கு மேல் நுழையவில்லை. ஆபரேஷன் என்றால் மலையை விட்டு இறக்க வேண்டும். அதுவரை அது தாங்காது. டாக்டர் திரும்பி என் கையைப் பார்த்தார்.

கல்லூரியில் பிளாஸ்டிக் பொம்மையில்தான் குட்டி எடுத்துப் பழகியிருக்கிறேன். பொம்மைக்கு வலிக்காது, செத்தும் போகாது.

டாக்டர் அந்த அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. "இந்தப் பொண்ணு இன்னும் படிச்சிக்கினு இருக்குது. நெஜ ஆட்டுக்குப் பாக்கறது இதான் மொத தடவ. நீங்க சரின்னாதான் கைய வைக்கும்" என்றார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அவர், "எல்லாரும் மொதல்ல எதுலயாவது செஞ்சிதானே கத்துக்கணும்? என் ஆட்டுலயே கத்துக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, ஆட்டின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

கையை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கால்கள் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனால், இரண்டும் வேறு வேறு குட்டிகளின் கால்கள்! ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்து, வாசலிலேயே இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பின்னால் தள்ளி, மற்றதை மெல்ல இழுத்தேன். வந்தது. உயிர் இல்லை.

நான் உடைந்துபோனேன். அது முன்பே இறந்துவிட்டது என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அந்த அக்காதான் அதட்டினார். அவர் கண்ணிலும் தண்ணீர். "அது போவட்டும். இன்னொன்னு உள்ள இருக்குதில்ல? கைய வுடும்மா."

மறுபடியும் விட்டேன். இந்தக் குட்டியின் தலை ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. அதன் வாயைப் பிடித்து நேராக்கப் பார்த்தபோது, என் விரலை அது சப்பியது. "உயிரோட இருக்குது சார்!" என்று நான் போட்ட கத்தலில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் குட்டி வெளியே வந்தது. மூக்கைத் துடைத்து, சாக்கால் உடம்பைத் தேய்த்ததும் ஒரு தும்மல் போட்டது. கிடந்த ஆடு தலையைத் தூக்கி அதை நக்கத் தொடங்கியது. அழுக்கும் ரத்தமுமாக இருந்த என் கையை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டு, "இந்தக் கை நல்லா இருக்கணும்" என்றார்.

அத்தா இப்போது கிண்டல் செய்வதில்லை. அதற்குப் பதிலாக, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் கையளவைப் பெருமையாகச் சொல்கிறார். அது அதைவிடப் பெரிய தொல்லை.

இன்று நான் சின்னசேலம் பக்கம் டாக்டராக இருக்கிறேன். அந்த அக்காவிடம் அன்று நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. ஒரு குட்டியைப் பறிகொடுத்த அந்த நிமிடத்திலும், என்னிடம் "கைய வுடும்மா" என்று சொல்ல அவருக்கு மனம் வந்ததே, அதனால்தான் ஒவ்வொரு முறை கையுறை மாட்டும்போதும் அவரை நினைத்துக்கொண்டே மாட்டுகிறேன்.