மாடி வீட்டு ஆப்பிள் கேக்

சமயநல்லூரில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு ஒரே நிபந்தனைதான்: முட்டைகூட உள்ளே வரக் கூடாது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அதில் மிகக் கண்டிப்பு. அவர் மனைவி அவரைவிட மோசம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு நான் படியேறும்போதெல்லாம் அந்த அக்கா கதவைச் சாத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார். பார்வை என் பைமேல்தான் இருக்கும்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, அந்த ஊர் ஆப்பிள் கேக் செய்முறையை அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரர் மேலூருக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, ஒளித்துக் கொண்டுவந்த முட்டைகளை உடைத்து ஊற்றி, புளிப்பு ஆப்பிளை நறுக்கிப் போட்டு ஓவனில் வைத்தேன். வெந்த கேக்கை வெளியே எடுக்கும்போது கதவு தட்டப்பட்டது. அக்காதான்.

"என்ன டீச்சர், பட்டை வாசம் கீழ வரைக்கும் வருது?"

"ஆப்பிள் கேக்குக்கா. முட்டை போடல."

ஒரு துண்டை வாங்கி நின்றபடியே தின்றார். கண் மட்டும் அடுப்படியைத் துழாவியது. வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"முட்டை ஓட்ட எங்க வச்சிருக்கீங்க?"

என் பார்வை குப்பைக் கூடைப் பக்கம் போனது.

"குப்பையில போட்டா அவரு கண்ணுல பட்டுரும். இங்கிட்டு குடுங்க."

ஓடுகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு கீழே இறங்கி, தன் ரோஜாத் தொட்டியின் மண்ணைக் கிளறினார். பின்னாலேயே போன நான் எட்டிப் பார்த்தேன். மண்ணுக்குள் ஏற்கெனவே நிறைய ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன.

நான் வரும்போதெல்லாம் அவர் கதவைச் சாத்தியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவருக்குப் பயந்த அளவுக்கு அவரும் எனக்குப் பயந்திருக்கிறார்.