புடலங்காயில் கட்டிய கம்பளி நூல்

சுன்னாகத்தில் மகளின் ரியூசன் கொட்டிலுக்கு எதிரே ஒரு வேப்பமரம் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் எல்லோரும் அதன் கீழேதான் ஸ்கூட்டியை நிறுத்துவோம். மற்றவர்கள் போனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் பையிலிருந்து ஊசி இரண்டையும் எடுத்துப் பின்னத் தொடங்குவேன். வியர்வையில் நூல் விரலோடு ஒட்டும். யாராவது ஒருத்தி கேட்காமல் விடமாட்டாள்.

"உந்த வெயிலுக்கை உதென்ன பின்னுறியள்?"

"சுவெற்றர்."

"யாழ்ப்பாணத்திலையோ?"

உடனே ஒரு சிரிப்பு. கனடாவில் இருக்கும் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, குளிர்காலம் வருகிறது என்று விளக்கினால், "ஏன், அங்கை வாங்கேலாதோ?" என்று அடுத்த கேள்வி வரும். வாங்கலாம். அங்கே எல்லாம் வாங்கலாம் என்பது எனக்குத் தெரியாதா? பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிறகு பிறகு யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. குனிந்த தலை நிமிராமல் பின்னுவேன். ரியூசன் முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதற்குள் ஐந்தாறு வரி ஓடினால் அது எனக்கு நல்ல நாள்.

தங்கைக்குக் கலியாணமாகி நெடுங்காலம் காத்திருந்து பிறந்த பிள்ளை அது. அவள் ரொறொன்ரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவள். அந்தக் காசில்தான் என் பிள்ளைகள் இரண்டு பேரும் ரியூசனுக்குப் போகிறார்கள். ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்டும் வேண்டாம் அக்கா, மிளகாய்த்தூள் மட்டும் ஆரிட்டையும் குடுத்துவிடு" என்பாள். அந்தத் தூளுக்குச் செத்தல் மிளகாய் வாங்குவதும் அவள் அனுப்பிய காசில்தான். வாங்கி வாங்கியே எனக்குக் கூச்சம் பிடித்துவிட்டது. மூத்தவள் நான். ஒரே ஒரு தடவையாவது, அவளுடைய காசு ஒரு சதமும் படாத ஒன்றை என் கையால் அவளுக்குக் கொடுக்கவேண்டும். அந்தச் சுவெற்றரில் எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

ஆனால் கம்பளி நூலுக்கு எங்கே போவது? வெங்காயம் நட்டுப் புடலங்காய் காய்க்கப் பார்த்திருக்கிற குடும்பத்தில் நூல் வாங்கப்போகிறேன் என்றால் எனக்கே சிரிப்பு வரும். அப்போதுதான் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய சுவெற்றர் ஞாபகம் வந்தது. என் கணவரின் பெரியம்மாவின் மகன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், முன்பு ஒருமுறை குடும்பத்தோடு கனடாவிலிருந்து வந்தபோது, பிளேனுக்குள் குளிருக்குப் போட்டுவந்ததை, "ஆருக்கும் குடுங்கோ" என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் உடுவிலில் யாருக்குச் சுவெற்றர் கொடுப்பது? நல்ல கத்தரிப்பூ நிறம். மெஷினில் போட்டுக் காயவைத்ததில் முன்பக்கம் தடித்துப்போய் நூல் பிரியவில்லை. இரண்டு கையும் முதுகில் பாதியும்தான் சேதமில்லாமல் வந்தன. பிரித்த நூல் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு கிடந்தது. அதை நனைத்து, கொடியில் போட்டு, கீழே தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு நிமிர்த்தினேன். எல்லாம் சேர்த்துச் சுற்றிப் பார்த்தால் ஒரு கைக்குழந்தையின் சுவெற்றருக்கு மட்டுமட்டாகக் காணும். ஒரு முழம்கூட மிஞ்சாது.

அடுத்தது எப்படி அனுப்புவது என்ற கேள்வி. பார்சலில் அனுப்பினால் சுவெற்றரைவிடக் கூலி கூடப்போகும். நல்ல காலமாக அதே அத்தான் நல்லூர்த் திருவிழாவுக்குத் தனியே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். தேர் முடிந்து அவர் திரும்பும்போது சூட்கேசுக்குள் வைத்துவிடலாம். ஆனால் அதற்குள் பின்னி முடிக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் ஒருவர்தான். வேலையோ ஒரு கலியாணச் சபைக்கு உரியது. காலையில் புட்டு, மத்தியானம் மூன்று கறி, பின்னேரம் அவரைப் பார்க்க வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி. ஒடியல் கூழ் குடித்து எத்தனை வருசமாகிறது என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டால், அடுத்தநாள் நான் இணுவிலுக்குப் போய், பனங்கிழங்கை உலர்த்தி இடித்த அந்த மாவுக்கு அலைவேன். நாங்கள் மட்டும் இருந்தால் ஒரு சொதியும் சம்பலும் வைத்து நாளை ஓட்டிவிடுவோம். விருந்தாளிக்கு அப்படி வைக்க முடியுமா? இதற்கிடையில் சின்னவனுக்குக் கணக்கு ஏறவில்லை. தோட்டத்தில் நிற்கிற ஆட்களுக்குப் பத்து மணித் தேத்தண்ணி போகவேண்டும். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தால் மோட்டரை நிற்பாட்ட வீட்டில் என்னைவிட வேறு யாருக்கும் கை இல்லை.

சோறு கொதிக்கிற நேரம் அடுப்படி வாசலில் குந்தியிருந்து ஒரு வரி பின்னுவேன். பாதி வரியில், "அம்மா, என்ரை வெள்ளைச் சட்டை எங்கை?" எழும்பிப் போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்தால் கண்ணி நழுவியிருக்கும். நழுவிய கண்ணியைப் பிடித்து ஏற்றுவதற்குள் சோறு அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த சோற்றைப் பார்த்துக் கணவர் ஒன்றும் சொல்லமாட்டார். மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். அந்த மணந்து பார்ப்பதுதான் எனக்கு நெருப்பை மூட்டும்.

ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவி வந்த அத்தான் என் பின்னலைப் பார்த்தார்.

"அச்சாவா இருக்கு, பிள்ளை. உங்களுக்கென்ன, நாள் முழுக்க வீட்டிலைதானே நிக்கிறியள். ஆறுதலாப் பின்னலாம். எங்கடை மனுசி பாவம், வேலைக்கும் போய் வீட்டையும் பாக்கிறா."

நான் அவருடைய எச்சில் கோப்பையைக் கையில் வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்க் கழுவினேன். தேய்த்த தேய்ப்பில் அந்தக் கோப்பையின் பூ அழிந்திருக்கவேண்டும்.

முதுகு முடிந்தது, முன்பக்கம் இரண்டும் முடிந்தன, ஒரு கையும் முடிந்தது. மற்றக் கைக்கு வைத்திருந்த நூல் பந்தை ஓலைப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். அத்தான் போக இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. அன்று காலை எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால் நூல் இல்லை.

சின்னவன் விளையாட எடுத்திருப்பான் என்று கட்டிலுக்கடியில் பார்த்தேன். பூனையைச் சந்தேகப்பட்டேன். அலுமாரியை இழுத்துப் பார்த்தேன். கடைசியில் கறிவேப்பிலை பிடுங்க வளவின் பின்பக்கம் போனபோதுதான் கண்ணில் பட்டது. புடலம் பந்தலின் கீழே, தொங்கிய பிஞ்சுகள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு கல். ஒவ்வொரு கல்லையும் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிற நூல்.

புடலங்காய் நேராக வளரவேண்டுமென்றால் பிஞ்சிலேயே நுனியில் கல் கட்டித் தொங்கவிடவேண்டும். விட்டால் பாம்புபோலச் சுருண்டுவிடும். சுருண்ட காயைச் சந்தையில் ஒருவனும் எடுக்கமாட்டான். இது எனக்கும் தெரியும். வழக்கமாக வாழைநாரில் கட்டுவார்கள். இந்த முறை எங்கள் வாழை காற்றில் விழுந்து, வெட்டி எருவுக்குப் போட்டாயிற்று.

அவர் தோட்டத்திலிருந்து வரும்வரை நான் பந்தலடியிலேயே நின்றேன்.

"இஞ்சாருங்கோ, இதென்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"கல்லுக் கட்டினனான்."

"என்ரை நூல்!"

"அது சின்னப் பந்துதானே, மிச்சம் எண்டு நினைச்சன். சணல் வாங்கப் போனால் காசு. நீர்தானே எந்த நேரமும் சொல்லுறனீர், வீட்டிலை கிடக்கிறதைப் பாவியுங்கோ, வீணாக் கடைக்குப் போகாதேங்கோ எண்டு."

சொன்னது நான்தான். பிய்ந்த துவாயைக் கிழித்து அடுப்படித் துணியாக்கியதும், மகளின் பள்ளிச் சட்டையின் மடிப்பை அவிழ்த்து இறக்கியதும், சவர்க்காரத் துண்டுகளை ஒட்டி உருட்டி வைத்ததும் நான்தான். இந்த வீட்டில் ஒரு நூலையும் எறியவிடாதவள் நான். என் சட்டத்தை அவர் அப்படியே எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். அந்த நேரத்தில் அவர் செய்ததைவிட, அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அரிவாள்மனையை எடுக்கவில்லை, நல்ல காலம். விரலாலேயே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். கற்கள் பொத்துப் பொத்தென்று என் காலடியில் விழுந்தன.

"ஏய், என்ன செய்யிறீர்? காய் சுருளப்போகுது!"

"சுருளட்டும்."

"அது காசப்பா!"

"எனக்குத் தெரியும், காசுதான். இந்த வீட்டிலை எல்லாம் காசுதான். இது ஒண்டுதான் காசில்லாமல் நான் செய்தது."

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் மறுபக்கத்திலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார். பிறகு தான் உடுத்துகிற பழைய சாரமொன்றைக் கிழித்துத் துண்டுதுண்டாக்கி எட்டியவற்றில் திரும்பக் கட்டினார். எல்லாவற்றுக்கும் துணி போதவில்லை. விடுபட்டவை சொன்னபடி சுருண்டன. அடுத்து வந்த நாள்களில் எங்கள் வீட்டில் புடலங்காய் வறை, புடலங்காய்ப் பால்கறி, பருப்போடு புடலங்காய். அத்தான் மட்டும், "ஊர்ப் புடலங்காயின்ரை ருசியே தனி" என்று சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மீட்ட நூல் எல்லாம் முழங்கை நீளத் துண்டுகள். மண்ணும் கறையும் பட்டு நிறமும் கொஞ்சம் மங்கியிருந்தது. கழுவி, உலர்த்தி, ஒன்றோடொன்று முடிந்து, முடிச்சுகளை உட்பக்கம் தள்ளிப் பின்னினேன். கணவர் அத்தானுக்குத் தேத்தண்ணி கேட்டபோது முதன்முறையாக மகளை அடுப்படிக்கு அனுப்பினேன். சாயம் கடுத்துவிட்டது என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். ஒருநாள் மோட்டரை நிற்பாட்டாமல் விட்டேன். தாங்கி வழிந்து முற்றமெல்லாம் வெள்ளம். கணவர் ஓடிப்போய் நிற்பாட்டினார். இந்தக் கை உள்ளவர் இத்தனை நாளும் எங்கே இருந்தார் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அத்தான் புறப்படுகிற பின்னேரம் சூட்கேசை எங்கள் வெங்காயத் தராசில் தூக்கி நிறுத்தார்கள். பாரம் கூடிவிட்டது. மிளகாய்த்தூளில் ஒரு பை வெளியே வந்தது. பனம்பழப் பினாட்டுப் பார்சல் வெளியே வந்தது. நான் சுவெற்றரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். "உதுக்கென்ன பாரம், தாங்கோ" என்று வாங்கி மூலையொன்றில் செருகிக்கொண்டார். சிப் மூடுகிற சத்தம் கேட்கும்வரை நான் அந்த அறையைவிட்டு நகரவில்லை.

வீடு மறுபடியும் சொதிக்கும் சம்பலுக்கும் திரும்பியது. பின்னுவதற்கு நூலும் இல்லை, வேப்பமரத்தடியில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. அங்கே சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீடியோவில் அழைத்தாள். பிள்ளையைத் தூக்கி நேரே காட்டினாள். கத்தரிப்பூ நிறச் சுவெற்றர். ஒரு கை மற்றக் கையைவிட ஒரு பொட்டு மங்கல். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிள்ளை அந்தக் கையைத்தான் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அளவும் சரியாக இருந்தது. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"வடிவா இருக்கு அக்கா. இங்கை எல்லாரும் கேக்கினம், எங்கை வாங்கினனீங்கள் எண்டு. என்ரை அக்கா பின்னினது எண்டு சொன்னனான்."

"முடிச்சு ஏதும் பிள்ளைக்கு உறுத்துதோ பார்."

"இல்லை, நல்ல மெத்தெண்டு கிடக்கு. அக்கா, உனக்கு நூலுக்கு நல்லாச் செலவு வந்திருக்கும். எத்தினை நாள் மினக்கெட்டிருப்பாய். பிள்ளையளின்ரை ரியூசன் காசோடை அதையும் சேர்த்துப் போட்டுவிட்டனான். நேற்றே போட்டுட்டன், பார்."

"என்னத்துக்கடி?"

"சும்மா வாங்கேலுமே, அக்கா? நீயும் அங்கை கஷ்டப்படுறாய்."

அவ்வளவு அன்பாகச் சொன்னாள். குரலில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தாலும் நான் கத்தியிருப்பேன். திருப்பி எடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான் உனக்கு ஒன்று தந்தேன், அதை ஒருமுறையாவது வைத்துக்கொள்ளடி என்று சொல்ல வந்தது. அறைக்குள் மகள், அடி பிளந்த பள்ளிச் சப்பாத்துக்குள் காட்போட் மட்டையை வெட்டிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன்.