கடைசியில் வந்த எல்சி மிஸ்ஸி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர்களின் வரிசை வாசல்வரை நின்றது. வங்கியில் வேலை செய்யும் சைக்கிள் கூட்டாளி குகன் தொலைபேசியில் வந்தான். "அண்ணன், எல்சி மிஸ்ஸி போயிட்டா. விடியப்புறம் நெஞ்சு நோவாம்." நான் அவன்மேல் பாய்ந்தேன். "விசர்க் கதை கதைக்காத! முந்தநாள் எங்களோட சைக்கிள் ஓடினவடா!" அவன் அழத் தொடங்கிய பிறகுதான் நம்பினேன்.

மட்டக்களப்பு நகரத்தில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கி வீட்டுப் பெண் அவர். கிரான் பக்கத்து ஊர்களில் முப்பது வருடம் மருத்துவமாதாக, ஊரார் வாயில் மிஸ்ஸியாக, இருந்தார். சண்டைக் காலத்தில், வீதியெல்லாம் மூடிக் கிடந்த நாட்களில்கூட, வெள்ளைச் சீருடையோடு சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்களைப்போல் வீட்டில் இருக்கவில்லை, கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார். "இவ்வளவு காலமும் ஆக்களுக்காக ஓடினன். இனி எனக்காக ஓடப்போறன்" என்றார்.

அவரோடு ஒரே கிளினிக்கில் பதினைந்து வருடம் மருந்து கொடுத்தவன் நான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் "பாமசிக்காரர்"தான். ஒருநாள் என் வயிற்றைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பாமசிக்காரர், இது எத்தனை மாசம்?" என்று கேட்டார். வரிசையில் நின்ற கர்ப்பிணிகள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ரோசத்தில்தான் நானும் சைக்கிள் வாங்கினேன்.

ஆறு பேர் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரானுக்கு அங்கால் உள்ள காட்டுப் பாதைகளில் ஓடுவோம். காட்டு வாசலில் மிஸ்ஸி முதலில் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு விறகுக்குப் போகிறவர்கள் செய்வதுபோல் ஒரு இலைக்குழையை முறித்து மரக்கிளையில் வைத்து வனதெய்வத்தைக் கும்பிடுவார். கேட்டால், "ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும்" என்பார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஆக மெதுவாக ஓடுகிறவர் முன்னால் போக வேண்டும். மற்றவர்கள் அவருடைய வேகத்தில் பின்னால் வர வேண்டும். கடைசியில் மிஸ்ஸி வருவார். ஆக முன்னால் எப்போதும் நான்தான் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் வெட்கமாக இருந்தது.

போன மாரியில், தை மாதம், இரண்டு நாள் பெய்த மழை விட்ட ஒரு பின்னேரம் போனோம். திரும்பும் வழியில் ஓடை பெருகிவிட்டது. சுற்றுப்பாதையில் சேற்றில் உழக்கி வரும்போது என் செயின் அறுந்தது. அதைப் பொருத்தி முடிக்கையில் காடு இருட்டிவிட்டது. எங்கோ கிளை முறியும் சத்தம் கேட்டது. ஆனைதான் என்று எல்லாருக்கும் தெரியும். குகன் மெதுவாகச் சொன்னான்: "நாங்க நாலு பேர் கெதியாப் போய் ட்ரக்டர் ஒண்டு கொண்டு வாறம். அண்ணனும் மிஸ்ஸியும் ஆறுதலா வரட்டும்."

எனக்கு உயிரே போய்விட்டது. விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள்.

"ஆறு பேர் வந்தம், ஆறு பேரும் போவம்" என்றார் மிஸ்ஸி. "பாமசிக்காரர், நீங்க முன்னுக்குப் போங்க. பின்னால நான் நிக்கிறன்." குகன் தன் சைக்கிளை எனக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

அப்போதுதான் நான் என் அறிவைக் காட்டினேன். வெளிச்சத்தைக் கண்டால் ஆனை வரும், லைட்டை அணையுங்கள் என்றேன். முன்னால் போகிறவன் சொல்கிறானே என்று எல்லாரும் அணைத்தார்கள். ஒருவழியாகக் காடு முடிந்து வயல்வட்டை தொடங்கியது. வேளாண்மை முழங்கால் அளவு வளர்ந்து நின்றது. வரம்போரச் சேற்றில் ஆறு சைக்கிள்கள் சளக் சளக்கென்று இருட்டுக்குள் போனால் பரணில் காவலிருக்கிறவன் என்ன நினைப்பான்? என் தலைக்கு மேலால் ஆனைவெடி ஒன்று வந்து வெடித்தது. "என்ட அம்மாளே!" என்று சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வட்டை முழுக்கக் கேட்டது. "ஆர்ரா அது? வெடி போடாத மனே! ஆனை இல்ல, எல்சி மிஸ்ஸி!"

பரணிலிருந்து பதறிய குரல் ஒன்று கேட்டது. "மிஸ்ஸியா? இந்த நேரத்தில ஆருக்கு வயித்து நோவு?"

"ஒருத்தருக்கும் இல்ல மனே. பாமசிக்காரருக்குத்தான் லேசாக் கலக்குது."

காவல்காரர் டோர்ச்சோடு ஓடி வந்தார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் மிஸ்ஸியின் கையில் பிறந்தவர்களாம். பரணடியில் இருத்தி பிளேன்டீ தந்து, பெரிய ரோட்டுவரை கொண்டுவந்து விட்டார். குரலை வைத்தே ஆட்கள் இருட்டில் வழி விடுகிற அளவுக்கு ஒரு மனுசி வாழ்ந்திருக்கிறார். அவரோடு வேலை செய்தவன் நான். அந்த இரவில் உடம்பெல்லாம் சேறு, நெஞ்செல்லாம் பெருமை. இன்றைக்கும் அதே பெருமைதான்.

சவ அடக்கத்துக்கு அந்தக் காவல்காரர் தன் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்திருந்தார். கல்லறைவரை நடக்கும்போது ஆட்கள் வேகமாகப் போகப் போக நான் பின்தங்கிக்கொண்டே இருந்தேன். குகன் திரும்பி வந்து என் கையைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுபோய் விட்டான். அங்கேதான் நான் விம்மி அழுதேன்.

போன ஞாயிறு மீண்டும் காட்டுக்குப் போனோம். நாவற்குடாவிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருந்தார். என்னைவிடப் பெரிய வயிறு, ஏறும் முன்னமே மூச்சு இளைத்தது. "உங்களையெல்லாம் சுணக்கிப்போடுவன், நீங்க போங்க, நான் பின்னால வாறன்" என்றார்.

"இல்ல, நீங்க முன்னுக்குப் போங்க" என்றேன். "பின்னால நான் நிக்கிறன்."

காட்டு வாசலில் ஒரு குழையை முறித்து வைத்தேன். சிலுவை போடத் தெரியாது, அதையும் அவர் போடுவதுபோல் போட்டேன். எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுக் கடைசியாக ஏறினேன். எனக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் இல்லை. பயமாகத்தான் இருந்தது, மிஸ்ஸி. ஆனாலும் இடம் விட்டு விலகவில்லை.