லாரியில் ஏறிய படகு

மொரே கடற்கரையில் இறங்கி கோபினா எசுமான் வீடு எது என்று கேட்டால் ஆடு மேய்ப்பவன்கூடக் கை நீட்டுவான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். பதினாலு வயதில் ஸ்பானர் பிடித்தார். முப்பதைத் தாண்டியதும் கேப் கோஸ்ட் டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். இன்று வயது அறுபத்துமூன்று, கம்பெனியில் முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் பதினோரு பேர் தலைநகர் அக்ராவில் பட்டம் வாங்கியவர்கள். காலையில் இவர் உள்ளே நுழைந்தால் அந்தப் பதினோரு பேரும் எழுந்து நிற்பார்கள். இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

அவருடைய கம்பெனி செய்தது ஒரு மஞ்சள் பெட்டி. ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும். படகில் கட்டிவிட்டால் போதும். இன்ஜின் செத்தாலும் புயல் வந்தாலும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டியது, கரையில் இருக்கும் திரையில் படகு நிற்கும் இடம் பளிச்சென்று தெரியும். டக்கரடியில் வாங்கினார்கள், வின்னிபாவில் வாங்கினார்கள். பிறந்த ஊரில் மட்டும் ஒரு பெட்டிகூடப் போகவில்லை. மொரேயில் நூற்று நாற்பது படகு. மீனவர் தலைவர் குவெகு அபாக்கா தலையாட்டாமல் ஒரு படகிலும் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. அபாக்காவோ இரண்டு வருஷமாகத் தலையை அசைக்கவில்லை.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியை ஊருக்கு இயக்கிக் காட்டக் கோபினா நாள் குறித்தார். செவ்வாய் கடலுடைய நாள். அன்றைக்கு ஒரு துடுப்புகூடத் தண்ணீரில் படக்கூடாது. மீறினால் ஆடும் சாராயமும் அபராதம், அதற்கு மேல் சாபம். அதனால் ஊரே கரையில் இருக்கும், வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, வம்பு பேசிக்கொண்டு.

"படகே போகாத நாள்ல படகைத் தேடிக் காட்டப் போறியா?" என்று சிரித்தார் அபாக்கா.

"கடலுக்குத்தானே லீவு தலைவரே? ரோட்டுக்கு லீவா? உங்க சின்னப் படகைக் குடுங்க, லாரியில ஏத்துறேன். உங்க ஆளே எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சு வைக்கட்டும். போன் எல்லாத்தையும் புடுங்கி வச்சுக்குங்க. உச்சி வெயிலுக்குள்ள என் பெட்டி எடத்தைச் சொல்லலன்னா நான் கோபினா இல்ல!"

அபாக்காவுக்கு இது பிடித்துப்போனது. "கண்டுபிடிச்சா நூத்தி நாப்பது படகுலயும் கட்டு. இல்லன்னா நான் சாகுற வரைக்கும் இந்தப் பேச்சை என்கிட்ட எடுக்காத."

கூட்டம் ஓவென்று கத்தியது. படகை லாரியில் ஏற்றினார்கள். பொத்தானை அமுக்க ஃபீஃபி படகுக்குள் ஏறி உட்கார்ந்தான். கோபினாவின் அண்ணன் எக்கோவின் மகன் அவன், முப்பத்தோரு வயது, சொந்தப் படகு ஓட்டுகிறவன். தரையிலிருந்து ஆறடி உயரத்தில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி கையசைத்துக்கொண்டே போனான். பெண்கள் குலவையிட்டார்கள்.

தென்னை மரத்தடியில் திரையை வைத்தார்கள். கம்பெனியின் தலைமை எஞ்சினியர் அரபா குவான்சா அதன் முன்னால் உட்கார்ந்தாள். கோபினா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பதினோரு பட்டதாரிகள் கதையை மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து மணி ஆயிற்று. திரை வெறுமையாக இருந்தது. பதினொன்று ஆயிற்று. அரபா தலையைத் திருப்பாமலே மெல்லச் சொன்னாள்.

"ஐயா. பெட்டி தூங்குது."

"என்னது?"

"கரையில இருந்தா தூங்கணும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? அடியில ரெண்டு பித்தளை முனை இருக்கு, அதுல உப்புத்தண்ணி பட்டாத்தான் முழிக்கும். லாரியில ஏது உப்புத்தண்ணி?"

கோபினா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அந்தப் பதினோரு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "மீன்புடிக்கிறவன் கரையில தூங்குறான்ல, பெட்டியும் தூங்கட்டும்" என்று இவர்தான் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். 'கையால எழுப்புறதுக்கும் ஒரு சுவிட்ச் வைப்போம் ஐயா' என்று அரபா அன்றைக்கே கேட்டாள். 'கரையில பெட்டிய எழுப்பி என்ன பண்ணப் போற, கென்கி உருண்டை ஊட்டி விடப்போறியா?' என்று கிண்டல் செய்து அனுப்பிவிட்டார். அந்தக் கைதட்டலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துபோனார்.

உச்சி வெயில் தாண்டியது. ஒரு மணிக்கு லாரி தானாகவே திரும்பி வந்தது. ஃபீஃபி படகிலிருந்து குதித்தான். "நாலு மணி நேரமா அமுக்குறேன் சித்தப்பா, விரல் வீங்கிப்போச்சு! யாருமே வரல. கடைசியில கென்கி விக்கிற கிழவிதான் வந்து, 'ஏன்டா தம்பி, கடல் எந்தப் பக்கம்னு வழி தெரியலையா'ன்னு கேட்டுது!"

கரையே விழுந்து விழுந்து சிரித்தது. மீன்காரப் பெண்களின் தலைவி மான்சா மட்டும் சிரிக்கவில்லை. ஃபீஃபியின் அம்மா அவள். முன்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னே கொழுந்தனாரே. 'இன்ஜின் சிங்கம் மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போ'ன்னு எம் புருஷன்கிட்ட நீதானே சொன்னே?"

சிரிப்பு அப்படியே நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால், தூசிக்காற்று வீசிய ஒரு காலையில், கோபினா பழுது பார்த்துக் கொடுத்த எக்கோவின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. நீவாடு என்கிற கடல் நீரோட்டம் படகைக் கிழக்கே இழுத்தது. ஒன்பது நாள் கழித்து டோகோ நாட்டுப் பக்கம் வெறும் படகு கரை ஒதுங்கியது. அன்றிலிருந்து கோபினா ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. மஞ்சள் பெட்டி எதற்காகப் பிறந்தது என்று அவர் ஒரு பேட்டியிலும் சொன்னதில்லை. மான்சாவுக்குத் தெரியும்.

கோபினா அபாக்கா பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் சொல்லாத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

"தப்பு என்னுது. இந்தப் பொண்ணு சொல்லிச்சு, நான்தான் கேக்கல. பெட்டி மேல தப்பில்ல தலைவரே. நாளைக்கு புதன்கிழமை. ஒரு நாள் குடுங்க, கடல்லயே பாத்துருவோம்."

"கடல்ல போய்த் தொலையுறதுக்கு ஆள் வேணுமே. எம் பசங்கள அனுப்ப மாட்டேன்."

"நான் போறேன்."

"நீயா? கரையில நின்னாலே உனக்கு மூஞ்சி வெளுத்துரும்!"

"வெளுக்கட்டும். தனியாப் போறேன். இன்ஜினைக் கழட்டிட்டு விடுங்க."

மறுநாள் விடியும்போது தூசிக்காற்று வந்துவிட்டது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம், பத்து ஆள் தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வேறு ஆளாக இருந்தால் நாளை மாற்றியிருப்பான். கோபினாவுக்கோ உள்ளுக்குள் ஒரு குதூகலம். இந்த மாதிரி நாளுக்குத்தானே செய்தது? அபாக்காவின் ஆட்கள் சின்னப் படகைக் கயிறு கட்டி ஏழெட்டு மைல் இழுத்துப்போய் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாகப் போய் வேறு ஊரில் கரை ஏறினார்கள். ஆள் எங்கே என்று மொரேக்கு யாரும் சொல்ல முடியாது.

படகு ஆடியது. முதல் பத்து நிமிஷத்தில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. அப்புறம் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை வந்தால்தான் கரைக்குக் கேட்டது என்று அர்த்தம். வரவில்லை. விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமைக் கூட்டங்களில் பொத்தானைப் பற்றி எத்தனை வியாக்கியானம் சொல்லியிருக்கிறார். உடல் நடுங்கும்போது பொத்தான் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? ஈர விரல் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. இன்னும் பெரிசாக வைக்க வேண்டும், உள்ளங்கை அளவுக்கு. எக்கோ அண்ணன் கை இதைவிட நடுங்கியிருக்கும்.

பச்சை எரிந்தது.

"அடி சக்கை!" என்று ஆளில்லாத கடலில் கத்தினார். எழுந்து குதிக்கப் போய் படகு கவிழப் பார்த்தது. உட்கார்ந்துகொண்டு தொடையைத் தட்டினார், பெட்டியைத் தட்டிக் கொடுத்தார், தனக்குத்தானே சிரித்தார். ஸ்பானர் பிடித்த நாளிலிருந்து எத்தனையோ சாமான் செய்து விற்றாயிற்று. தான் செய்ததை நம்பித் தானே உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. அக்ராவில் பட்டம் வாங்கியவனுக்கு இது கிடைக்குமா என்று நினைத்தவர், அடுத்த நிமிஷமே, அரபாவையும் ஒரு நாள் இப்படி உட்காரவைக்க வேண்டும், கேட்காமலே வருவாள் என்று நினைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். புகைமூட்டத்துக்குள் இன்ஜின் சத்தம் கேட்டது. முதலில் கொடி தெரிந்தது, அப்புறம் படகின் மூக்கு, அப்புறம் வாயெல்லாம் பல்லாக ஃபீஃபி.

"நேரா வந்துட்டேன் சித்தப்பா! அந்த எஞ்சினியர் அக்கா வாக்கி டாக்கியில 'இடது, இடது, நேரா'ன்னு சொல்லச் சொல்ல ஓட்டுனேன். கோடு போட்ட மாதிரி!"

அவன் கையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. அபாக்கா. "ஆள் உசுரோட இருக்கானா?"

"இருக்கேன் தலைவரே! வாயும் அப்படியே இருக்கு!"

"அதான் தெரியுமே. நூத்தி நாப்பது பெட்டி எப்ப வரும்?"

பதில் சொல்வதற்குள் கரையில் யாரோ அதைப் பிடுங்கிய சத்தம். மான்சாவின் குரல். "முதல் பெட்டி எம் மகன் படகுக்கு. நீயே கட்டணும். உன் கையால."

கோபினா "சரி அண்ணி" என்றார். அவரை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள், இரண்டே வார்த்தைதான்.

ஃபீஃபி சின்னப் படகைக் கட்டி இழுக்கக் கயிறை எடுத்தான். கோபினா தொத்தி அவன் படகில் ஏறினார். பின்பக்கம் போனார். இன்ஜினின் மூடியைத் திறந்து, ஒரு வயரை இழுத்துப் பார்த்து, மூடினார்.

"தள்ளி உக்காருடா. நான் ஓட்டுறேன்."