அகப்பையோடு வந்த அம்மா

என் நிறத்துக்காக என்னைத் தேடி ஒருவர் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ஊரில் எனக்குக் 'கறுவல்' என்று பெயர். கல்யாணப் பேச்சுக்குப் படம் போன இடங்களிலிருந்து "பொடியன் நல்லவன்தான், ஆனால்..." என்று இழுத்துக்கொண்டு பதில் வரும். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு டிசம்பரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி ஊன்றுகோலோடு பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தார்.

அவர் ஸ்கொட்லாந்துக்காரி. எழுபது தாண்டிய விதவை. கனடாவில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் அவருடைய வீட்டின் பேஸ்மென்டில்தான் நான் குடியிருந்தேன். புதுவருடத்தில் வாசலைத் தாண்டி முதலில் உள்ளே வருகிறவன் கறுத்த முடியுள்ள, கறுத்த ஆணாக இருந்தால் அந்த ஆண்டு விளங்கும் என்பது அவர்களுடைய ஊர் வழக்கமாம். செம்பட்டை முடிக்காரன் வந்தால் நாசம். பெண் வந்தாலும் நாசம். வெறுங்கையோடு வரக்கூடாது; கரித்துண்டு, பாண் ரொட்டி, உப்பு கொண்டுவர வேண்டும். "ஒரு சின்னப் போத்தல் விஸ்கியும் கொண்டுவந்தால் நான் கோபிக்க மாட்டேன்" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்து, இந்தத் தெருவிலேயே உன்னைப் போல ஒருவன் இல்லை என்று மனம் நிறைந்து சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

கோடையில் பாபிக்யூவுக்கு வாங்கிய கரி மிச்சம் இருந்தது. இரண்டு வருடங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, மாப்பிள்ளை மாதிரி உபசரிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டேன். சிங்குக்குக் கீழே கிடந்த கரிப் பை எதற்கு என்று கேட்ட அம்மா, நான் சொன்னதும் முகத்தைச் சுளித்தார்.

"உப்புச் சரி. நல்ல நாளிலை ஆரும் கரி கொண்டு போவினமோ?"

"அவையின்ரை வழக்கம், அம்மா. செம்பட்டைத் தலையன் வரப்படாதாம், பொம்பிளையள் வரப்படாதாம்."

"எல்லாப் பொம்பிளையளுமோ, இல்லாட்டி என்னைப்போலை ஆக்கள் மட்டுமோ?"

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் நெஞ்சில் குத்தியது. வீட்டை விட்டுப் புறப்படும்போது முன்னால் வருகிற முதல் முகத்தை நாங்கள் முழுவியளம் என்போம். அப்பா செத்த நாளிலிருந்து அம்மா எவருக்கும் முழுவியளமாக நின்றதில்லை. நான் பள்ளிக்கூடச் சோதனைக்குப் போன நாட்களில் அடுப்படியில், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலும் குசினிக்குள்தான் நின்றார். எனக்குக் கேட்டது அவருடைய இருமல் மட்டுந்தான். கனடாவுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் நான் சப்பாத்துப் போடத் தொடங்கினால் சாப்பாட்டுப் பையைக் கதவடியில் வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்விடுவார். இருக்கிறது இரண்டே பேர், இதில் யாருக்கு ஒளிக்கிறீர்கள் என்று கத்தியிருக்கிறேன். சாப்பிடாமல் போய்க் காட்டியிருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: நான் போகும்போது அம்மா வாசலில் நிற்க வேண்டும். அவரோ, "உனக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். 

அம்மா வந்த முதல் புதுவருடத்துக்கு முந்தின இரவு எனக்கு செக்யூரிட்டி வேலை. விடிய என்னை மாற்ற வரவேண்டியவன் பனியில் அகப்பட்டுக்கொண்டான். வீட்டுக்காரிக்குப் போன் பண்ணினேன். "நீ வரும்வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டேன்" என்றார், கோட்டையைக் காக்கிற குரலில்.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தபோது பேஸ்மென்டில் அம்மா இல்லை. அடுப்பு அணைந்திருந்தது, பொங்கல் பாதியில் கிடந்தது. பயத்தோடு மேலே ஓடினேன். வீட்டுக்காரியின் குசினி மேசையில் அம்மா தேத்தண்ணீரோடு இருந்தார். காலில் அந்த மனிசியின் கம்பளிச் சப்பாத்து. மேசை நடுவில், பூப்போட்ட பீங்கான் தட்டில், எங்கள் வீட்டு அகப்பை.

நடந்ததை வீட்டுக்காரிதான் சொன்னார். பக்கத்து வீட்டு மனிதர் நல்ல மனதோடு இவருடைய படிகளில் பனி வழித்திருக்கிறார். வழித்து முடித்ததும் வாழ்த்துச் சொல்ல மேலே ஏறத் தொடங்கியிருக்கிறார். அவருக்குக் காரட் நிறத்துத் தலை. ஜன்னலால் அதைப் பார்த்த வீட்டுக்காரி பதறி, கீழே நான் வந்திருப்பேன் என்று நினைத்து ஊன்றுகோலால் தரையில் இடித்திருக்கிறார். மனிசி விழுந்துவிட்டார் என்று நினைத்த அம்மா, பொங்கல் கிண்டின அகப்பையோடு வெறுங்காலில் பக்கக் கதவால் ஓடி, பனிக்குள்ளால் முன்வாசலுக்கு வந்து, அந்த மனிதரையும் முந்திக்கொண்டு படியேறியிருக்கிறார். வீட்டுக்காரி கதவைத் திறந்து, கையில் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

"தலைமயிர் கறுப்புத்தானே" என்றார் என்னிடம், நியாயம் பேசுகிறவர் போல. "வெறுங்கையோடும் வரவில்லை. அகப்பையில் சோறு இருந்தது."

"பெண் வரக்கூடாது என்றீர்களே?"

"மூன்றாவது படியில் செம்பட்டைத் தலை நிற்கும்போது எல்லாச் சட்டமும் பார்க்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் அம்மா வந்ததிலிருந்து நெற்றியையும் கழுத்தையும் தொட்டுத் தொட்டு ஏதோ சொல்கிறார், அழவும் பார்த்தார். என்ன அது?"

அம்மாவைப் பார்த்தேன். "பொட்டில்லை, தாலியில்லை எண்டு காட்டினனான், தம்பி. மனிசிக்கு விளங்கேல்லை. பாவம், வருசம் முழுக்க இனி என்ன வரப்போகுதோ. நீ சொல்லு."

சொன்னேன். அம்மா கணவன் இல்லாதவர், அப்படிப்பட்டவர் நல்ல காரியத்துக்கு முன்னால் வந்தால் கூடாது என்று எங்களில் ஒரு எண்ணம், அதனால் உங்களுக்குக் கெடுதல் செய்துவிட்டேன் என்று பயப்படுகிறார் என்றேன்.

வீட்டுக்காரி சுவரில் மாட்டியிருந்த தன் கணவனின் படத்தைப் பார்த்தார்.

"நானும் விதவைதான். பதினாறு வருடமாக இந்தக் குசினிக்குள் விடிந்ததும் முதலில் வருகிற ஆள் நான். அப்படியென்றால் நான் எங்கே போய் ஒளிப்பது?"

அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.  அம்மா அந்த மனிசியின் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார்.

"அதுகும் சரிதான்" என்றார்.

அடுத்த நாள் காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பை கதவடியில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வாசலில் நிற்கிறார். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். சோதனை எழுதப் போகிறவர் அவர்தான் என்பது போல முகம்.

"கவனமாப் போட்டு வா."

தெருமுனை திரும்பும்வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். குளிரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ஐஸில் வழுக்கி விழுந்து முழங்கால் தேய்ந்தது. எழும்பி நொண்டிக்கொண்டு போய்ச் சேரும்போது பஸ் என் மூக்குக்கு முன்னாலேயே புறப்பட்டுப் போனது. அடுத்ததுக்கு உறைந்துபோய் நின்றேன். வேலையில் பிந்தினதற்கு ஏச்சும் வாங்கினேன்.

பின்னேரம் வீட்டுக்குள் கால் வைக்க முதலே அம்மா கேட்டார்.

"பஸ் உடனை வந்ததோ, தம்பி?"

"ஓம், அம்மா" என்றேன். "நான் போகேக்கை எனக்காக நிண்டது."