ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி

எங்கள் ஊராட்சி அந்த முறை பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால் அம்மா தலைவரானாள். ஆனால் ஊரில் எல்லோரும் ‘தலைவருங்க’ என்று கூப்பிட்டது அப்பாவைத்தான். அம்மா கையெழுத்துப் போடுவாள். நாற்காலி, பேச்சு, பொன்னாடை எல்லாம் அப்பாவுக்கு. எனக்கு ஐந்து வயது. உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அன்று பள்ளிக்கூடத்தில் கிராமசபை. புதிதாக வந்திருக்கும் தெருவிளக்குகளை எங்கே போடுவது என்று பேச்சு. அப்பா எங்கள் தோப்புக்குப் போகும் சாலையைச் சொன்னார். விடியுமுன் தக்காளி பறிக்கப் போகும் பெண்கள் மேற்கு வழிக்குக் கேட்டார்கள். யானை இறங்குவது அந்த வழியில்தான்.

“அடுத்த வருசம் பாக்கலாமுங்க” என்றார் அப்பா. அம்மா அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கோ தூக்கத்தில் கண் சொக்கியது. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு ஃபேன், அதுவும் தலைவர் நாற்காலிக்கு நேர் மேலே. கிராமசபையைப் பார்வையிட வரும் அதிகாரியம்மாவின் ஜீப் வாசலில் நிற்க, அப்பா வரவேற்க ஓடினார். நான் நாற்காலியில் ஏறிச் சுருண்டுகொண்டேன்.

அம்மா பதறி வந்து தூக்கினாள். நான் சிணுங்கினேன். அதற்குள் உள்ளே வந்துவிட்ட அதிகாரியம்மா, “புள்ள தூங்கட்டுமுங்க. தலைவர் நீங்கதானுங்களே, அப்படியே உக்காருங்க” என்றார். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் நின்றார். பாவம், அவருக்கு நாற்காலி இல்லை.

பிறகு எல்லாம் அரைத் தூக்கத்தில்தான். ஃபேன் கடகடவென்று சுற்றியது. எங்கிருந்தோ சாக்பீஸ் வாசனை. அம்மா பேசியது அவள் நெஞ்சிலிருந்து நேராக என் கன்னத்துக்குள் வந்தது. முதலில் கொஞ்சம் நடுங்கியது.

“மேக்கு வழிக்குத்தானுங்க மொதல்ல லைட்டு. எங்க தோப்புக்கு டார்ச்சு போதுமுங்க.”

“அப்படிச் சொல்லுங்க தலைவரம்மா!” என்றாள் ஒருத்தி. அந்தப் பெயர் எனக்குப் புதிது. கேட்கச் சுகமாக இருந்தது.

அந்தச் சத்தத்தில் தூக்கம் கலைந்துவிட்டது. வெளியே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இறங்கப் பார்த்தேன்.

“புள்ள எந்திரிச்சிருச்சு, வெளிய கூட்டிட்டுப் போ” என்று அப்பா குனிந்து சொன்னார்.

அம்மாவின் கை என் முதுகை அழுத்திப் பிடித்தது. “இல்லீங்க, இன்னும் தூங்குதுங்க” என்றாள். பிறகு என் காதில் மட்டும், “இன்னுங் கொஞ்சம் தூங்கு கண்ணு. எந்திரிச்சுபோடாத.”

தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவள் என்னை விடவே இல்லை. அம்மாவுக்கு என்மேல்தான் எவ்வளவு ஆசை என்று பூரித்துப்போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன்.