பூத அக்கா

பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குப் பின்னால், பசை வாடை அடிக்கும் சின்ன அறையில், கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் பைண்டர் தனியாக வேலை பார்த்தாள். சிறு வயதில் தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் குரல், தகரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது. பள்ளியில் பாட்டு வகுப்பென்றால், "நீ சும்மா வாயை மட்டும் அசை" என்பார்கள். போனை எடுத்தால் எதிர்முனை "சொல்லுங்க சார்" என்னும். பேசிப் பேசி அவமானப்படுவானேன் என்று அவளே பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நாற்பது வயதுக்குள் தலையாட்டலிலேயே காலத்தை ஓட்டப் பழகிவிட்டாள்.

அவளுக்காகப் பேசத் தோழி ஒருத்தி இருந்தாள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவள். கதை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். இருவரும் மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். நூலகரிடம் லீவு கேட்பதா, கடையில் மருந்து வாங்குவதா, "இவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்று கதை அக்கா முந்திக்கொள்வாள். பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை கதை அக்காவின் மகனுக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. நூலகர் வியர்த்து விறுவிறுத்துப் பின்னறைக்கு வந்தார்.

"பிள்ளைங்க ஹாலை ரெண்டாக்குறாங்க. நான் வாசிச்சா தூங்கிடுவாங்க. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

பைண்டர் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"படத்தையாவது காட்டுங்கம்மா!"

அன்று காலை தைத்து முடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். தான் யார் என்பதே மறந்துபோன ஒரு சிறுமி, கிணற்றுக்குள் இருக்கும் பூதத்திடம் அதைக் கேட்கப் போகும் மந்திரக் கதை. கொஞ்ச நேரம் படம்தான் காட்டினாள். பின்வரிசையிலிருந்து, "பூதம் என்ன சொல்லுச்சு?" என்று கூச்சல் எழுந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

"யாரது, என் தூக்கத்தைக் கெடுத்தது?"

முன்வரிசை அப்படியே பின்னால் சாய்ந்தது. ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து அவள் காலடிக்கே வந்துவிட்டார்கள். அவள் கடைசிப் பக்கம்வரை வாசித்தாள்.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றது.

"கதை முடிஞ்சிடுச்சு. இப்ப உங்க குரல்ல பேசுங்க."

பைண்டருக்கு முகம் சுட்டது. "இதாம்மா என் குரல்."

குழந்தை யோசித்தது. "அப்ப நீங்க நிஜப் பூதமா?"

பைண்டர் புத்தகத்தை மூடினாள். "ஆமா. கதை இல்லாதப்ப புத்தகம் தைப்பேன்."

ஹால் அதிர்ந்தது. குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனது.

அடுத்த வாரம் கதை அக்கா வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "பூத அக்கா எங்கே?" அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ஒரு வாரம் வரல. அதுக்குள்ள என் இடத்துல உக்காந்துட்ட."

"நூலகர்தான் கூப்பிட்டார்."

"இத்தனை வருஷம் உனக்காக நான் பேசினேனேடி!"

"பேசின. நல்லாத்தான் பேசின. அதுல எனக்குப் பேசறதே விட்டுப்போச்சு."

கதை அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன்பின் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். எதிரே ஆள் இல்லாமல் பைண்டருக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை வந்தாலும் முதலில் வந்து பேசுவது எப்போதும் கதை அக்காதான். இந்தமுறை அவள் வரவில்லை. ஒரு மாலை பைண்டரே பஸ் நிறுத்தத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குப் பூதம் மட்டும்தான் வருது. அந்தச் சிறுமியா பேசினா, பூதத்தோட தம்பி பேசற மாதிரி இருக்கு. நீ சிறுமியா வாடி."

கதை அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் வாயால என்னை வான்னு கூப்பிட்டதே இல்ல, தெரியுமா?"

அதுமுதல் சனிக்கிழமைகளில் இரண்டு நாற்காலி. பூதக் கதைப் புத்தகங்கள் தீர்ந்ததும் இருவரும் சொந்தமாக ஒரு கதை கட்டினார்கள். பூதம் கிணற்றைவிட்டு மேலே வருகிறது; அதற்குமேல் ஒத்துப்போகவில்லை. சிறுமி மந்திரம் போட்டு அதை அழகான இளவரசியாக்க வேண்டும் என்றாள் கதை அக்கா. "பூதம் பூதமாவே இருக்கட்டும், சிறுமி வீட்டுப் பக்கத்துல குடி வரட்டும்" என்றாள் பைண்டர். பஸ்ஸில் ஏறியும் சண்டை ஓயவில்லை. கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் பிள்ளைகளிடமே விட்டார்கள். இளவரசிக்குக் கொஞ்சம் கை தூக்கினார்கள், பக்கத்து வீட்டுக்கு நிறையப் பேர். முன்பல் இல்லாத குழந்தை இரண்டுக்கும் கை தூக்கவில்லை. பூதம் குடி வந்தால் நாய் வளர்க்குமா, அதை முதலில் சொல்லுங்கள் என்றது.